வலி போச்சு, வயிறு அடைச்சுக்கிச்சு: மார்ஃபின் எடுப்பவர்களின் மலச்சிக்கல்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கி, நடுநடுவே தலைப்புகள் சேர்த்திருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

தொகுப்பாளர்: இன்னைக்கு எபிசோடை ஒரு கடிதத்தோட ஆரம்பிக்கிறேன். எழுதினவர் அனுமதி கொடுத்திருக்கார். ஆனா அடையாளம் தெரியற விவரங்களை எடுத்துட்டேன்.

"அக்கா, அப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய். எலும்புக்குப் பரவியிருக்கு. மூணு வாரம் முன்னாடி மார்ஃபின் மாத்திரை ஆரம்பிச்சாங்க. 10 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ரெண்டு மாசத்துல முதல் தடவையா ராத்திரி தூங்கினார். ஆனா இப்போ ஆறு நாளா மலம் போகலை. வயிறு கல்லு மாதிரி இருக்குன்னு சாப்பிட மாட்டேங்கிறார். நேத்துல இருந்து மார்ஃபினை வாயில வாங்கி, நான் அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பிடறார். 'வலியைக் கூட தாங்கிக்குவேன்டா, இதைத் தாங்க முடியலை'ன்னு சொல்றார். நான் என்ன செய்யட்டும்?"

இந்தக் கடிதம் வந்த அன்னைக்கே அவருக்குப் போன் பண்ணிட்டோம். எபிசோடு வர்ற வரைக்கும் காத்திருக்கிற விஷயம் இல்லை இது. அப்புறம் என்ன ஆச்சுங்கறதை கடைசியில சொல்றேன். இன்னைக்கு நம்மகூட இருக்கிறவர் பாலியேட்டிவ் கேர், அதாவது ஆதரவு சிகிச்சை மருத்துவர். பல வருஷமா நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிறவர். வணக்கம் டாக்டர்.

டாக்டர்: வணக்கம். அந்தக் கடிதத்தைப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியமே வரலைங்க. வாரத்துக்கு ஒரு வீட்டிலயாவது இதைக் கேட்கிறேன். வலிக்கு மருந்து கொடுத்தோம், அதோட சேர்த்து எழுத வேண்டிய இன்னொரு மருந்தை எழுத விட்டுட்டோம். அல்லது எழுதினோம், ஏன்னு விளக்கலை. "ராத்திரி ஒண்ணு, வயித்துக்கு"ன்னு சொல்லி அனுப்பியிருப்போம். வயிறு நல்லாத்தானே இருக்குன்னு அவங்க அதைச் சாப்பிடாம விட்டிருப்பாங்க.

தொகுப்பாளர்: மலச்சிக்கல்னா பொதுவா ஒரு சின்ன தொந்தரவா நினைக்கிறோம். இவ்வளவு பெரிய வலியைக் கூட தாங்கிக்கிறேன்னு ஒருத்தர் சொல்ற அளவுக்கு இது போகுமா?

டாக்டர்: போகும். வயிறு உப்பி, பசி போய், குமட்டல் வந்து, முக்கி முக்கி ஆசனவாய் கிழிஞ்சு ரத்தம் வந்து, வயசானவங்கன்னா சிறுநீர் அடைச்சு, சில சமயம் புத்தி தடுமாறி உளற ஆரம்பிச்சு... இது எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது வெறும் மலச்சிக்கலா இருக்கும். அதோட வெட்கமும் சேர்ந்துக்குது. அப்பா மகள்கிட்ட சொல்ல மாட்டார். மாமியார் மருமககிட்ட சொல்ல மாட்டாங்க. சொல்றதுக்குள்ள ஒரு வாரம் ஓடிடும்.

மருந்து குடலுக்குள்ள என்ன செய்யுது?

தொகுப்பாளர்: வலி மருந்து மூளையிலதானே வேலை செய்யுது? குடலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

டாக்டர்: நம்ம சமையலறையில கசகசா இருக்கில்ல, அந்தச் செடியில இருந்துதான் ஆரம்பிக்கணும். கசகசா அந்தச் செடியோட விதை. விதை முத்தறதுக்கு முன்னாடி, பச்சைக் காயைக் கீறினா வடியற பால்தான் அபின். அபின்ல இருந்து எடுக்கிறது மார்ஃபின். கோடெய்ன் என்கிற இருமல் மருந்தும் அதே குடும்பம். டிராமடால், டபென்டடால், ஃபென்டனில் எல்லாம் செயற்கையா செஞ்சவை. ஆனா அதே பூட்டைத் திறக்கிற சாவிகள்தான். இந்த மொத்தக் குடும்பத்துக்கும் ஓப்பியாய்டுன்னு பேர்.

அந்தப் பூட்டுக்கு மியூ ஏற்பின்னு சொல்றோம். மூளையிலயும் தண்டுவடத்துலயும் அது இருக்கு. மருந்து அங்க போய் ஒட்டிக்கிட்டா வலி குறையும். ஆனா அதே பூட்டு குடல் சுவர்லயும் வரிசையா இருக்கு. குடலுக்குன்னு தனியா ஒரு நரம்பு வலை உண்டு. சாப்பாட்டை அலை அலையா முன்னாடி தள்றது அதோட வேலை. மார்ஃபின் அங்க போய் ஒட்டிக்கிட்டதும் மூணு விஷயம் நடக்குது.

முதல்ல, முன்னாடி தள்ற அலை குறைஞ்சிடும். குடல் நின்ன இடத்துலயே இறுகி இறுகி விடும், ஆனா தள்ளாது. ரெண்டாவது, குடல் சுரக்கிற நீர் குறையும். உள்ள இருக்கிறது மெதுவா நகர்றதால, அதுல இருக்கிற தண்ணியையும் குடல் உறிஞ்சிக்கும். மலம் காய்ஞ்சு போகும். மூணாவது, கடைசியில இருக்கிற ஆசனவாய்த் தசை இறுக்கமா ஆகிடும். "வருது"ங்கற உணர்வும் மங்கிடும்.

தொகுப்பாளர்: தள்றது குறைவு, தண்ணி குறைவு, கதவும் இறுக்கம்.

டாக்டர்: ஆமாங்க, மூணும். இதைப் புரிஞ்சுக்க இன்னொரு உதாரணம் இருக்கு. வயித்துப்போக்கை நிறுத்த மெடிக்கல்ல லோபெரமைடு மாத்திரை வாங்கறோமே, அதுவும் ஒரு ஓப்பியாய்டுதான். சாதாரண அளவுல அது மூளைக்குள்ள போய் வேலை செய்யாது. குடல்ல மட்டும் வேலை செய்யும். மார்ஃபினுக்குப் பக்க விளைவா இருக்கிற அதே விஷயம், லோபெரமைடுக்கு முக்கிய வேலை. அந்தக் காலத்துலயும் பேதிக்கு அபின் கொடுத்திருக்காங்க. அதனால மார்ஃபின் சாப்பிடறவர், வலி மாத்திரையோட ஒவ்வொரு வேளையும் ஒரு பேதி நிறுத்தற மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடறார்னு வச்சுக்கோங்க. அப்புறம் மலம் போகலைன்னா அது அவரோட தப்பில்லை. அவர் வாழைப்பழம் சாப்பிடாததும் காரணம் இல்லை.

மத்ததெல்லாம் பழகும், இது பழகாது

தொகுப்பாளர்: "மருந்து உடம்புக்குப் பழகிட்டா சரியாயிடும்"னு நிறைய பேர் சொல்றாங்களே?

டாக்டர்: பாதி உண்மை. மார்ஃபின் ஆரம்பிச்ச முதல் சில நாள் மயக்கமா இருக்கும், தூக்கம் தூக்கமா வரும். அது பழகிடும். குமட்டல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள அடங்கிடும். ஆனா மலச்சிக்கல் அப்படிப் பழகறது இல்லை. மார்ஃபின் எத்தனை நாள் உள்ள போகுதோ அத்தனை நாளும் இது இருக்கும். அதனாலதான் எங்க துறையில ஒரு பழக்கம்: ஓப்பியாய்டு எழுதற அதே பேனா, அதே சீட்டுல, மலமிளக்கியையும் எழுதணும். மலச்சிக்கல் வந்த பிறகு இல்லை, முதல் நாளே. வந்தப்புறம் சரி பண்றதை விட வராம பார்த்துக்கிறது ரொம்ப சுலபம்.

தொகுப்பாளர்: வலி மருந்தோட அளவைக் கூட்டினா?

டாக்டர்: மலமிளக்கியையும் திரும்பப் பார்க்கணும், பெரும்பாலும் கூட்ட வேண்டி வரும். அதே மாதிரி கூட வேற என்னென்ன மருந்து ஓடுதுன்னு பார்க்கணும். வாந்திக்குக் கொடுக்கிற ஆன்டன்செட்ரான், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், ரத்த சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, இது எல்லாமே மலத்தைக் கட்டும். நோயாளி படுத்தே இருக்கார், தண்ணி குறைவா குடிக்கிறார், சாப்பாடு குறைஞ்சிருக்கு. எல்லாம் ஒரே பக்கம் இழுக்குது. சில புற்றுநோய்கள்ல ரத்தத்துல கால்சியம் ஏறினாலும் மலச்சிக்கல் வரும். அதுக்கு ரத்தப் பரிசோதனை வேணும்.

இசப்கோல் ஏன் வேண்டாம்?

தொகுப்பாளர்: நம்ம வீடுகள்ல மலச்சிக்கல்னா உடனே ரெண்டு வைத்தியம். ஒண்ணு கீரை, வாழைப்பழம், கொய்யா. இன்னொண்ணு இசப்கோல் தூள்.

டாக்டர்: இங்கதான் நல்லது செய்யறதா நினைச்சு நிறைய பேர் தப்பு பண்றாங்க. இசப்கோல் எப்படி வேலை செய்யுது? தண்ணியை உறிஞ்சி உப்பி, மலத்தோட அளவைப் பெருசாக்குது. பெருசானதும் குடல் சுவர் விரியும், "ஓ, நிறைய வந்திருக்கு"ன்னு குடல் வேகமா தள்ளும். சாதாரண மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து. ஆனா மார்ஃபின் எடுக்கிறவருக்கு அந்தத் தள்ற வேலையே மந்தமா இருக்கு. தண்ணியும் நிறைய குடிக்க முடியலை. இப்போ உள்ள போய் உப்பின இசப்கோல், களி மாதிரி அங்கேயே உட்கார்ந்துக்கும். அடைப்பாவே ஆகலாம்.

ரோடுல டிராஃபிக் நகரலை, போலீஸ்காரரும் இல்லை. அந்த நேரத்துல இன்னும் நாலு லாரியை உள்ள அனுப்பின மாதிரி.

தொகுப்பாளர்: பழம், கீரையும் வேண்டாமா?

டாக்டர்: இல்லை இல்லை, அதைத் தடுக்காதீங்க. பப்பாளி, வாழைப்பழம், ஊறவைச்ச உலர் திராட்சை, கீரை எதுன்னாலும் அவர் ஆசைப்பட்டா, இறங்கினா, கொடுங்க. தண்ணி, மோர், இளநீர், கஞ்சி, அப்பப்போ கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க. இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருந்தா மட்டும் எவ்வளவு தண்ணி, இளநீர் கொடுக்கலாமான்னு டாக்டரைக் கேட்டுக்கோங்க. ஆனா உணவு மட்டுமே இந்த மலச்சிக்கலைச் சரி பண்ணும்னு நம்பி மருந்தைத் தவிர்க்காதீங்க. நாலு வாய் கஞ்சி குடிக்கவே திணறுற மனுஷனை, நார்ச்சத்து வேணும்னு தட்டு நிறைய கீரையை வச்சு வற்புறுத்தறது தண்டனை.

தொகுப்பாளர்: விளக்கெண்ணெய்? எங்க பாட்டி காலத்து மருந்து.

டாக்டர்: பேதிக்குக் கொடுக்கிற அளவு விளக்கெண்ணெய் குடலைப் பலமா முறுக்கும். பலவீனமா இருக்கிறவருக்கு வயித்து வலியும், உடம்புல நீர் வத்திப் போறதும் வரும். இந்த நோயாளிகளுக்குத் தினசரி மருந்தா அது வேண்டாம். ஆனா நம்ம ஊர் மூலிகை ஒண்ணு இதுல நிஜமாவே கைகொடுக்குது, அதைச் சொல்றேன்.

எந்த மருந்து, எப்படி?

டாக்டர்: மலமிளக்கிகள்ல நமக்கு முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு தள்ளிவிடறது, இன்னொண்ணு இளக்கறது.

தள்ளிவிடற வகையில முதல்ல வர்றது சென்னா. தமிழ்ல நிலவாகை, நிலாவரைன்னு சொல்வாங்க. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் காட்டுல விளையறது. உலகச் சந்தையில அதுக்குப் பேரே 'டின்னவெல்லி சென்னா'. நம்ம திருநெல்வேலிதான் அந்த டின்னவெல்லி. அந்த இலை, காயில இருக்கிற சென்னோசைடுகளைத்தான் மாத்திரையா அளந்து கொடுக்கிறாங்க. உலகம் முழுக்க மார்ஃபின் நோயாளிகளுக்கு முதல்ல எழுதற மருந்துகள்ல அது ஒண்ணு.

தொகுப்பாளர்: அப்போ நாட்டு மருந்துக் கடையில இலையாவே வாங்கிக்கலாமே?

டாக்டர்: இலையில எவ்வளவு சத்து இருக்குன்னு நமக்குத் தெரியாது. ஒரு நாள் கம்மி, ஒரு நாள் பிடுங்கிக்கிட்டுப் போகும். நோயாளிக்கு அளவு முக்கியம். மாத்திரையா எடுத்துக்கிறதுதான் நல்லது.

அதே வகையில இன்னொண்ணு பிசகோடில், 5 மில்லிகிராம் மாத்திரை. சோடியம் பிகோசல்ஃபேட் சொட்டு மருந்து, சிரப்பும் உண்டு. இவை எல்லாம் பொதுவா ராத்திரி படுக்கும்போது. ஆறுல இருந்து பன்னெண்டு மணி நேரத்துல வேலை செய்யும், அதனால காலையில போக வசதி. பிசகோடில் மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, மெல்லக் கூடாது, பாலோட கொடுக்கக் கூடாது, ஜெலுசில் மாதிரி அமில மருந்தோட சேர்த்தும் கொடுக்கக் கூடாது. அந்த மாத்திரைக்கு மேல ஒரு பூச்சு இருக்கு. அது குடல்ல போய்த்தான் கரையணும். பால் பட்டா இரைப்பையிலயே கரைஞ்சு வயித்தை முறுக்கும். நம்ம வீட்ல ராத்திரி மாத்திரைன்னாலே பால் டம்ளரோடதான் கொடுப்போம். அதனாலதான் இதை அழுத்திச் சொல்றேன்.

இளக்கற வகை, தண்ணியைக் குடலுக்குள்ள இழுத்து வச்சுக்கிறது. லாக்டுலோஸ் சிரப் எல்லாருக்கும் தெரியும். இனிப்பா இருக்கும், சிலருக்கு வாயு சேரும், வயிறு உப்பும். ஒண்ணு, ரெண்டு நாள் ஆகும் வேலை செய்ய. அதை ஒருவேளை குடிச்சிட்டு "பலனில்லை"ன்னு நிறுத்தக் கூடாது. பாலிஎத்திலீன் கிளைக்கால்னு ஒரு தூள் உண்டு, தண்ணில கரைச்சுக் குடிக்கிறது. அதுல வாயு தொந்தரவு குறைவு. ஆனா ஒரு டம்ளர் தண்ணி உள்ள போகணும்.

பல பேருக்குத் தள்றது ஒண்ணு, இளக்கறது ஒண்ணு, ரெண்டும் சேர்த்துத்தான் பலன் தெரியும். எவ்வளவுன்னு உங்க டாக்டர் ஆரம்பிச்சு, ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை கூட்டிக் குறைச்சு நிறுத்துவார். "ஒரு மாத்திரை போட்டும் போகலை"ன்னு அமைதியா இருந்துடாதீங்க, சொல்லுங்க. கூட்டறதுக்கு இன்னும் இடம் இருக்கும்.

தொகுப்பாளர்: லிக்விட் பாரஃபின் கலந்த வெள்ளை சிரப் எல்லா மெடிக்கல்லயும் கேட்காமலே கொடுக்கிறாங்களே?

டாக்டர்: அது எண்ணெய். படுத்த படுக்கையா இருக்கிறவர், விழுங்கும்போது புரையேறுறவர்னா அந்த எண்ணெய் நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா மாதிரி ஆகிடும். சில சிரப்புல மெக்னீசியமும் சேர்ந்திருக்கும், சிறுநீரகம் பழுதானவங்களுக்கு அது உடம்புல தேங்கும். அதனால கடைக்காரர்கிட்ட கேட்டு வாங்காதீங்க. உங்க டாக்டருக்கு நோயாளியோட முழு நிலைமை தெரியும்.

போற இடமும் போற நேரமும்

தொகுப்பாளர்: மருந்து தவிர வீட்ல என்ன செய்யலாம்?

டாக்டர்: சாப்பிட்டதும், குறிப்பா காலையில ஏதாவது சூடா குடிச்சதும், பெருங்குடல் தானா ஒரு தடவை அசையும். அது இயற்கை. அதனால காலை காபியோ வெந்நீரோ குடிச்ச அரைமணி நேரத்துக்குள்ள உட்கார வைங்க. போகுதோ இல்லையோ, தினம் அதே நேரம். பத்து நிமிஷம் போதும், முக்கச் சொல்லாதீங்க.

குந்தி உட்கார்ந்தா மலம் சுலபமா போகும். ஆனா எலும்புல புற்றுநோய் இருக்கிறவரைக் குந்தச் சொல்ல முடியாது. வெஸ்டர்ன் டாய்லெட்டோ, நடுவுல ஓட்டை போட்ட கமோடு நாற்காலியோ வச்சு, காலுக்குக் கீழ ஒரு சின்ன முக்காலியோ மணைப்பலகையோ போடுங்க. முட்டி இடுப்பை விடக் கொஞ்சம் உயரமா வரட்டும். உடம்பைக் கொஞ்சம் முன்னாடி சாய்க்கணும்.

அப்புறம் மறைவு. கூடத்துக் கட்டில்ல, டயப்பர்ல போகச் சொன்னா எத்தனை பேருக்கு வரும்? ஒரு புடவையைத் திரையா கட்டுங்க. டிவியைப் போட்டு விட்டுட்டு வெளிய வந்து நில்லுங்க. கழிப்பறைக்குப் போக வலிக்கும்னு பயந்து அடக்கறவங்களும் உண்டு. அவங்களுக்கு வலி மாத்திரை கொடுத்து அரைமணி, முக்கால் மணி நேரம் கழிச்சுக் கூட்டிட்டுப் போங்க.

கடைசியா, காலண்டர். மாசக் காலண்டர்ல போன அன்னைக்கு ஒரு டிக் போடுங்க. "நேத்தா, முந்தாநேத்தா"ன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்களுக்கு அந்தக் காலண்டர் எக்ஸ்ரே மாதிரி.

தொகுப்பாளர்: "சாப்பிடவே இல்லை, அப்புறம் எங்கிருந்து போகும்?"னு கேட்கிறாங்களே?

டாக்டர்: ரொம்பப் பேர் கேட்பாங்க. மலம்ங்கறது வெறும் சாப்பாட்டுச் சக்கை இல்லை. குடல் தன்னோட பழைய செல்களை உதிர்க்குது, நீர் சுரக்குது, கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு. சாப்பிடாதவருக்கும் மலம் உருவாகும். தினம் போகணும்னு அவசியம் இல்லை. முக்காம, மூணு நாளுக்கு ஒரு தடவையாவது போகணும். அதுதான் எங்க இலக்கு.

மூணு நாள் தாண்டினா

தொகுப்பாளர்: தாண்டிடுச்சுன்னா?

டாக்டர்: டாக்டர் அல்லது நர்ஸ் பார்க்கணும். வயித்தைத் தொட்டுப் பார்த்து, கையுறை போட்டு ஆசனவாய்ல விரல் வச்சுப் பார்த்தா கீழே கெட்டியா அடைச்சிருக்கா, காலியா இருக்கான்னு தெரிஞ்சிடும். கீழே அடைச்சிருக்கும்போது மேல இருந்து மலமிளக்கியை மட்டும் கூட்டிக்கிட்டே போனா வயிறு முறுக்கும், வழி திறக்காது. முதல்ல கீழே இருக்கிறதை எடுக்கணும். கிளிசரின் சப்போசிட்டரி இளக்கும். பிசகோடில் சப்போசிட்டரி சுவரைத் தொட்டாத்தான் வேலை செய்யும், மலத்துக்குள்ள செருகினா வீண். அதுக்கும் அடங்கலைன்னா எனிமா. ரொம்பக் கெட்டின்னா, வலி மருந்து கொடுத்து, விரலால மெதுவா எடுப்போம். நர்ஸ்கள் எவ்வளவு பக்குவமா செய்வாங்க தெரியுமா! அதுல அசிங்கம் ஒண்ணும் இல்லை.

ஆனா ரெண்டு எச்சரிக்கை. கீமோதெரபி ஓடிக்கிட்டிருக்கு, வெள்ளை அணுவோ தட்டணுவோ குறைஞ்சிருக்குன்னா, டாக்டரைக் கேட்காம ஆசனவாய் வழியா எதுவும் வைக்கக் கூடாது. கிருமியோ ரத்தப்போக்கோ வரலாம். ரெண்டாவது, பாஸ்பேட் எனிமா வயசானவங்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களுக்கும் ஆபத்தாகலாம். வீட்ல தானா போட்டுக்கிட வேண்டாம்.

தொகுப்பாளர்: சிலர் "மலச்சிக்கல் எல்லாம் இல்லை, தண்ணியா போகுது"ன்னு சொல்வாங்களே?

டாக்டர்: இதுதான் ஏமாத்தற அறிகுறி. நாலஞ்சு நாள் எதுவும் போகலை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணியா கசியுது, துணியில படுது. உள்ள கெட்டியா ஒரு உருண்டை அடைச்சிருக்கு, அதோட ஓரமா தண்ணி மலம் வழியுது. வயித்துப்போக்குன்னு நினைச்சு மலமிளக்கியை நிறுத்தி, லோபெரமைடு கொடுத்தா என்ன ஆகும்? அடைச்ச கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள். அதனால காலண்டரைப் பாருங்க. முன்னாடி பல நாள் டிக் இல்லாம இருந்து, திடீர்னு தண்ணியா போனா, நர்ஸைக் கூப்பிடுங்க.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போ?

டாக்டர்: விட்டு விட்டு முறுக்கற வயித்து வலி, வாந்தி, வயிறு உப்பிப் பறை மாதிரி இருக்கு, காத்து கூட பிரியலைன்னா குடல் அடைப்பா இருக்கலாம். அப்போ மலமிளக்கி, எனிமா எதையும் வீட்ல கொடுக்காதீங்க, உடனே கிளம்புங்க. மலத்துல ரத்தம் அல்லது கருப்பா தார் மாதிரி போனாலும், காய்ச்சலோட வயிறு தொட்டாலே வலிச்சாலும் அப்படித்தான்.

இன்னொண்ணு, முதுகெலும்புக்குப் பரவின புற்றுநோய் உள்ளவங்களுக்கு. மலச்சிக்கலோட கால் பலம் குறையுது, மரத்துப் போகுது, சிறுநீர் வரலை, முதுகுவலி புதுசா கூடுதுன்னா, தண்டுவடம் நசுங்குதுன்னு அர்த்தம் இருக்கலாம். அதை மார்ஃபின் மேல பழி போட்டுட்டு விடக் கூடாது. மணிக்கணக்குல முடிவெடுக்க வேண்டிய விஷயம். தாமதமானா நடை திரும்பாம போகலாம்.

தொகுப்பாளர்: இவ்வளவும் செஞ்சும் அடங்கலைன்னா?

டாக்டர்: வழி இருக்கு. சில நோயாளிகளுக்கு மார்ஃபினை ஃபென்டனில் பட்டைக்கு மாத்தினா மலச்சிக்கல் குறையும். வலி ஒரு நிலைக்கு வந்தவங்களுக்குத்தான் அது பொருந்தும். இன்னொரு வகை புது மருந்துகள் உண்டு. மெத்தில்நால்ட்ரெக்சோன் ஊசி, அமெரிக்காவில 2008-ல அனுமதிச்சாங்க. நாலோக்சிகால், நால்டெமிடின் மாத்திரைகள் பின்னாடி வந்தவை. இவை குடல்ல இருக்கிற மியூ பூட்டுல மட்டும் போய் உட்கார்ந்து மார்ஃபினை விலக்கும். மூளைக்குள்ள நுழையறது ரொம்பக் குறைவு, அதனால வலி நிவாரணம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கேட்க அருமையா இருக்கில்ல? ஆனா குடல் அடைப்பு இருந்தா கொடுக்கவே கூடாது, விலையும் அதிகம். சென்னா, லாக்டுலோஸ் மாதிரி சாதாரண மருந்தை ஒழுங்கா, போதிய அளவுல கொடுத்துப் பார்த்த பிறகுதான் இது.

மார்ஃபினை நிறுத்திடலாமா?

தொகுப்பாளர்: கடிதத்துல இருந்த அந்தக் கேள்விக்கு வருவோம். அப்பா மாத்திரையைத் துப்பறார்.

டாக்டர்: அவர் பிடிவாதம் பிடிக்கலைங்க. ரெண்டு துன்பத்தையும் எடை போட்டுப் பார்த்து ஒரு முடிவு எடுத்திருக்கார். அதை மதிக்கணும். திட்டாதீங்க, சாப்பாட்டுல ஒளிச்சு வச்சுக் கொடுக்காதீங்க. "ரெண்டுல ஒண்ணைத்தான் தாங்கணும்னு இல்லைப்பா, ரெண்டையும் சரி பண்ணலாம்"னு சொல்லுங்க.

ஏன்னா, சில வாரமா சாப்பிட்ட மார்ஃபினைத் திடீர்னு நிறுத்தினா வலி மட்டும் திரும்பாது. வியர்வை, நடுக்கம், வயித்து வலி, பேதி, தூக்கமின்மைன்னு உடம்பு ஒரு வழி ஆகிடும். அது போதைக்கு அடிமையானதோட அடையாளம் இல்லை. உடம்பு மருந்துக்குப் பழகினதோட அடையாளம். குறைக்கணும்னா டாக்டர் படிப்படியா குறைப்பார்.

இன்னும் ஒரு வருத்தம் எனக்கு. நம்ம நாட்டுல சட்டப்படி அபின் செடி பயிராகுது, காஸிப்பூர்லயும் நீமச்லயும் அரசாங்கத்தோட அபின் ஆலைகள் இருக்கு. அப்படியும் 1985-ல வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தோட கெடுபிடியால, மார்ஃபின் நோயாளிகளுக்குக் கிடைக்கிறதே பல வருஷம் குதிரைக்கொம்பா இருந்துச்சு. 2014-ல சட்டத்தைத் திருத்தினாங்க. எத்தனையோ பேர் போராடி வாங்கின அந்த மருந்தை, ஒரு மலமிளக்கி எழுதாத காரணத்தால ஒருத்தர் துப்பறார்னா, அது எங்க தோல்வி. அவரோடது இல்லை.

தொகுப்பாளர்: நன்றி டாக்டர். கேட்கிறவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். ஓப்பியாய்டு ஆரம்பிக்கிற அன்னைக்கே "இதோட மலமிளக்கி எழுதினீங்களா?"ன்னு கேளுங்க. இசப்கோல் வேண்டாம். காலண்டர்ல டிக் போடுங்க. மூணு நாள் ஆச்சுன்னா சொல்லுங்க. வாந்தி, வயிறு உப்பல், காத்து பிரியாதது, கால் பலவீனம் இருந்தா உடனே கிளம்புங்க. மார்ஃபினைத் தானா நிறுத்தாதீங்க.

அந்த அப்பா என்ன ஆனார்னு கேட்பீங்க. அன்னைக்கு சாயங்காலமே வீட்டுக்கு நர்ஸ் போனாங்க. அடைப்போ, கால் பலவீனமோ இல்லைன்னு டாக்டர்கிட்ட உறுதி பண்ணிக்கிட்டு, முதல்ல கீழே இருந்ததை எடுத்தாங்க. ராத்திரிக்கு மாத்திரையும் சிரப்பும் ஆரம்பிச்சாங்க. மூணாவது நாள் காலையில அவரே எழுந்து போயிட்டு வந்திருக்கார். மகன் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். அப்பாவோட போட்டோ இல்லை, சுவத்துல மாட்டின காலண்டர். ஒரு தேதியில பெருசா ஒரு டிக், அவர் கையாலயே போட்டது. மார்ஃபினை இப்போ துப்பறது இல்லையாம்.

இந்த எபிசோடு பொதுவான தகவலுக்குத்தான். உங்க வீட்டு நோயாளிக்கு என்ன மருந்து, எவ்வளவுங்கறதை அவரைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்லணும். மார்ஃபின் சாப்பிடறவர் யாராவது உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ இருந்தா, இன்னைக்கே ஒரு வார்த்தை கேளுங்க: "கடைசியா எப்போ போனீங்க?" கேட்கக் கூச்சமா இருக்கும். அவங்களுக்குச் சொல்றதுக்கு அதை விடக் கூச்சமா இருக்கும். அதனால நாமதான் முதல்ல கேட்கணும்.